'அந்த ஏரியாவா?' ஒரு பகுதியின் குற்றக் கணக்கைப் படிக்கும் விதம்

சென்னையில் வாடகைக்கு வீடு தேடுபவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. மெட்ரோ தண்ணீர் வருமா, மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்குமா, அட்வான்ஸ் எத்தனை மாதம். அதன் பிறகு குரலைச் சற்றே தாழ்த்திக்கொண்டு, 'ஏரியா எப்படி?' முதல் மூன்றுக்கும் சோதித்துப் பார்க்கக்கூடிய பதில் உண்டு. நான்காவதற்கு வருவதெல்லாம் கேள்வி ஞானம். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கண்ணகி நகர் என்றால் புருவம் உயரும். பெசன்ட் நகர், அண்ணா நகர் என்றால் 'நல்ல ஏரியா' என்று உடனே சான்றிதழ் கிடைக்கும். அந்தச் சான்றிதழுக்கு வாடகைத் தொகையைத் தவிர வேறு ஆதாரம் எதையும் யாரும் கேட்பதில்லை.

நான்காவது கேள்விக்கு உண்மையான பதிலைத் தேடிப் போனால் இரண்டு கணக்குகள் கைக்குக் கிடைக்கும். காவல் நிலையத்தில் பதிவான வழக்குகளின் எண்ணிக்கை ஒன்று. ஊர் வாயில் உருவான பெயர் இன்னொன்று. குற்றத்தை நேராக அளப்பது இரண்டில் எதுவுமில்லை. முதல் கணக்கில் போலீஸ் என்ன செய்தது என்பது தெரியும். இரண்டாவதில், அங்கே வாழ்கிறவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது தெரியும். இந்த இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன என்பதுதான் சிக்கல்.

முதலில் எண்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் அறிக்கையில் 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 19 பெருநகரங்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. சென்னையும் கோவையும் அதில் இருக்கின்றன. அறிக்கை வந்த மறுநாள் 'நாட்டிலேயே பாதுகாப்பான நகரம் எது?' என்று நாளிதழ்களில் கட்டம் கட்டி வருவது இந்தப் பட்டியலில் இருந்துதான். 2023-ஆம் ஆண்டுக்கான கணக்கின்படி, கொல்கத்தாவில் லட்சம் பேருக்கு 84 வழக்குகள்கூட முழுதாக இல்லை. கொச்சியிலோ அது 3,000-ஐத் தாண்டியது. எண்களை அப்படியே நம்பினால் கொச்சி, கொல்கத்தாவைவிட முப்பத்தைந்து மடங்குக்கும் மேல் ஆபத்தான ஊர். இரவு ஒன்பது மணிக்குக் கொச்சி மரைன் டிரைவில் காற்று வாங்கிய எவரும் இதை ஏற்க மாட்டார்கள்.

விளக்கம் எளிது. கேரளப் போலீஸ் வழக்குப் பதிவதில் கை தாராளம். வாகனத்தைத் தாறுமாறாக ஓட்டினார் என்பது உட்படச் சிறிய சங்கதிகள்கூட அங்கே வழக்காகின்றன. வேறு மாநிலங்களில் அதே சங்கதி அபராதச் சீட்டோடு, சில நேரம் அதுவும் இல்லாமல், முடிந்துபோகும். ஆக, எண்ணிக்கை கூடுதலாக இருப்பது மோசமான ஊருக்கு அடையாளமாகவும் இருக்கலாம், மக்கள் தயங்காமல் புகார் கொடுக்கும் ஊருக்கு அடையாளமாகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எது என்று சொல்ல முடியாது.

இதைவிட வேடிக்கையான உதாரணம் 2020. ஊரடங்கில் வீடு பூட்டிக் கிடந்த அந்த ஆண்டில் இந்தியாவின் மொத்தக் குற்ற எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 28 சதவீதம் உயர்ந்தது. திருட்டு குறைந்திருந்தது, தெருவில் ஆளே இல்லை. பிறகு உயர்ந்தது எது? அரசு ஊழியரின் உத்தரவை மீறியதாக இந்தியத் தண்டனைச் சட்டம் 188-வது பிரிவின் கீழ் 2019-இல் பதிவானவை 29,469 வழக்குகள். 2020-இல் 6,12,179. அவற்றில் பெரும்பங்கு தமிழ்நாட்டுடையது. காய்கறி வாங்கப் போய் மாட்டியவர்களும் டீக்கடையைத் திறந்து வைத்தவர்களும் சேர்ந்து மாநிலத்தைக் குற்றப் பட்டியலின் உச்சிக்குக் கொண்டுபோனார்கள்.

பெருநகரங்களின் விகிதத்தைக் கணக்கிடும்போது கீழே வகுக்கும் எண் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருந்து எடுத்தது என்பதையும் மறக்கக் கூடாது. 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை, நகரம் மட்டும் நடந்துகொண்டே இருந்தது. 2022 ஜனவரியில் சென்னை மாநகரக் காவலில் இருந்து தாம்பரமும் ஆவடியும் தனி ஆணையரகங்களாகப் பிரிந்தன. அதற்கு முந்தைய சென்னையையும் பிந்தைய சென்னையையும் ஒரே சென்னை என்று வைத்து 'குற்றம் குறைந்தது' என்று எழுதுபவர்கள் எல்லைக்கோட்டை நகர்த்தியதைக் கவனிக்காதவர்கள்.

எண் பிறக்கும் இடத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். நெரிசலான பஸ்ஸில் சட்டைப் பையில் இருந்து கைபேசியை உருவிவிட்டார்கள். பறிகொடுத்தவர் காவல் நிலையத்துக்குப் போகிறார். அங்கே மேஜைக்குப் பின்னால் இருக்கும் ரைட்டர் கோபக்காரர் இல்லை, காகிதம் கொடுத்து உட்காரச் சொல்கிறார். 'எங்கே விழுந்தது என்று தெரியவில்லை, காணாமல் போய்விட்டது என்று எழுதுங்கள் சார். ஐ.எம்.இ.ஐ. நம்பரை மறக்காமல் போடுங்கள்.' எழுதிக் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். எனப்படும், புகார் வந்ததற்கான ரசீது கிடைக்கிறது. சிம் கார்டை மாற்றிக்கொள்ள அது போதும். பறிகொடுத்தவரும் அதற்குத்தான் வந்தார், அவருக்கும் கோர்ட்டுக்கு அலைய மனமில்லை. இரு தரப்புக்கும் நிம்மதி. திருட்டு ஒன்று நடந்தது, ஆனால் திருட்டுக் கணக்கில் ஒன்று ஏறவில்லை.

போலீஸ் பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது சட்டம். 'காணாமல் போனது' என்று எழுத வைப்பது வழக்கம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்கள் இந்த இடைவெளியைத் தம் பங்குக்குச் சற்று அகலப்படுத்தியிருக்கின்றன. 5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள பொருளின் சாதாரணத் திருட்டு இப்போது போலீஸ் தானாக வழக்குப் பதியும் வகையில் சேராது, மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். பழைய கைபேசி, சைக்கிள் என்று ஏழைகள் வெளியில் பறிகொடுக்கும் பொருள்களை ஒரு முறை மனதில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலானவை இந்த வரம்புக்குக் கீழே வருபவை. மறுபக்கம், அதுவரை திருட்டாகவோ வழிப்பறியாகவோ பதிவாகிவந்த சங்கிலிப் பறிப்பு, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-வது பிரிவில் தனிக் குற்றமாகிவிட்டது. இனி வரும் அறிக்கைகளில் 'பறிப்பு' திடீரென்று முளைத்து, திருட்டு சற்று இளைத்துத் தெரிந்தால் மிரள வேண்டியதில்லை.

இன்னொரு விதியும் உண்டு. ஒரே சம்பவத்தில் கொலை, கொள்ளை, அத்துமீறி நுழைதல் எல்லாம் நடந்திருந்தாலும் ஆவணக் காப்பகம் அவற்றில் கொடியதை மட்டுமே எண்ணும். கொலை ஏறும், கொள்ளை ஏறாது.

இத்தனை ஓட்டைகளுக்கு நடுவே ஓரளவு நம்பத் தகுந்தது கொலைக் கணக்குதான். பிணத்தை 'காணாமல் போனது' என்று எழுத முடியாது. 2022-இல் இந்தியாவில் பதிவான கொலைகள் 28,522. காரணங்களைப் பார்த்தால் தகராறு 9,962, முன்விரோதம் 3,761, ஆதாயத்துக்காக 1,884. நகரத்துவாசி மனதில் அஞ்சும் கொலை இந்த மூன்றாவது வகை. நள்ளிரவில் வீடு புகுந்து நகைக்காகக் கழுத்தை நெரிப்பவன், இருட்டில் வழிமறித்துப் பணத்துக்காகக் குத்துபவன். பதினைந்தில் ஒன்றுதான் அந்த ரகம். மற்றவற்றில் பெரும்பான்மை தெரிந்தவர்களுக்குள், நிலத்துக்காக, கொடுக்கல் வாங்கலுக்காக, குடும்பத்துக்குள், 'அன்றைக்கு என்னை எப்படிப் பேசினாய்' என்பதற்காக நடப்பவை. செய்தித்தாளில் 'முன்விரோதம் காரணமாக' என்ற இரண்டு சொற்களைத் தாண்டிப் படித்துவிடுகிறோம். பாதுகாப்பைப் பற்றி அந்த வரியில் இருக்கும் தகவல் அதுதான்: வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அந்தத் தெருவில் புதிதாக வீடு பிடிக்கும் ஆசிரியைக்கோ வங்கி ஊழியருக்கோ அந்தக் கதையில் வேடமில்லை. பயமோ அவர்களுக்குத்தான் அதிகம்.

இப்போது கண்ணகி நகருக்கு வரலாம். ஒரு பெயர் எப்படிக் கெடுகிறது என்பதை அறிய இதைவிடத் தெளிவான இடம் சென்னையில் இல்லை.

பழைய மகாபலிபுரம் சாலையில், கண்ணாடி முகப்புள்ள மென்பொருள் நிறுவனங்களுக்குப் பின்புறம், ஒக்கியம் துரைப்பாக்கத்தில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கி குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பு இது. கண்ணகி நகரில் 15,656 வீடுகள், ஒட்டினாற்போல் எழில் நகரில் 8,048. ஒரு நடுத்தர நகராட்சி அளவுக்கு மக்கள். ஆரம்பக் கட்ட வீடுகள் 200 சதுர அடியை ஒட்டியவை. அடையாறு, கூவம் கரைகளில் இருந்தும் நகரின் நடுவே இருந்த குடிசைப் பகுதிகளில் இருந்தும் வெவ்வேறு ஆண்டுகளில் கொண்டுவரப்பட்டவர்கள் இவர்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைகளைக் காலி செய்தபோது இந்தத் தென்கோடிக்கும் இதற்கு அடுத்த பெரும்பாக்கத்துக்கும் லாரிகள் வந்துகொண்டே இருந்தன.

வந்தவர்கள் இழந்ததை எண்ணிப் பார்த்தால் பாதி விளக்கம் கிடைத்துவிடும். மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண் வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள். இங்கே வந்த பின் போக வர முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. காலை ஐந்தரைக்குக் கிளம்பி இருட்டிய பிறகு திரும்பும் தாய், கல்வியாண்டின் நடுவில் பள்ளி மாறி, பிறகு பள்ளியே வேண்டாம் என்று நின்றுவிட்ட பிள்ளை. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபோது, அதனால் மிச்சமான காசு இங்கே மற்ற இடங்களைவிடக் கூடுதலாகவே உணரப்பட்டிருக்கும். போலீஸ் திட்டம் எதுவும் தராத பாதுகாப்பை ஒரு பஸ் திட்டம் கொஞ்சம் தந்தது என்பது என் கணிப்பு.

வீடுகளைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தது அடுத்த அடி. இருபது வருடம் பக்கத்துக் குடிசையில் இருந்தவர் எட்டாவது பிளாக்கில், இவர் நாற்பதாவது பிளாக்கில். பக்கத்து வீட்டில் இருப்பவர் வேறு கரையில் இருந்து வந்த முன்பின் தெரியாதவர். இது ஏன் முக்கியம் என்பதற்கு ராபர்ட் சாம்ப்சனும் அவருடைய சகாக்களும் சிகாகோவின் 343 பகுதிகளில் செய்து 1997-இல் வெளியிட்ட ஆய்வு உதவும். ஏழ்மை ஒரே அளவில் இருந்த பகுதிகளுக்குள்ளும் வன்முறை ஒரே அளவில் இல்லை. பள்ளி நேரத்தில் தெருமுனையில் நிற்கும் பையனை 'உனக்கென்ன இங்கே வேலை?' என்று அக்கம்பக்கத்தார் கேட்கக்கூடிய இடங்களில் வன்முறை குறைவாக இருந்தது. கேட்கிறவருக்கு அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்திருக்க வேண்டும், அவனுக்கும் அந்த அக்காவிடம் ஒரு கூச்சம் இருக்க வேண்டும். குலுக்கல் சீட்டு கலைத்துப்போட்டது இந்தக் கூச்சத்தை.

ஆகவே அங்கே கஞ்சா விற்பனையோ கத்திக்குத்தோ இல்லவே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அங்கே வாழ்பவர்களே சொல்வதில்லை. எந்த மாடிப்படிக்குக் கீழே பொட்டலம் கைமாறுகிறது, எந்த முனையில் இரவு பத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பதை வெளியாரைவிட அவர்களே துல்லியமாகச் சொல்வார்கள். ஏனென்றால் அதனால் முதலில் அடிபடுவது அவர்கள். அவர்களுடைய ஆத்திரமெல்லாம் அந்த ஒரு முனைக்காக முழு முகவரியும் கறைபட்டதில்தான். கண்ணகி நகர் என்று விண்ணப்பத்தில் எழுதியதும் வேலை இல்லை என்றது, கடன் மறுக்கப்பட்டது, சம்பந்தம் பேச வந்தவர்கள் இழுத்தடித்தது என்று வீட்டுக்கொரு கதை அங்கே உண்டு. துரைப்பாக்கம் என்று மட்டும் எழுதிக்கொள்வது, பழைய பேட்டையில் இருக்கும் உறவினர் முகவரியைக் கொடுப்பது என்று அதற்கான தந்திரங்களும் உண்டு. பக்கத்துக் கண்ணாடிக் கட்டடங்களில் துப்புரவு வேலைக்கு மட்டும் இந்த முகவரி தடையாக இருப்பதில்லை.

முகவரி பார்த்து வேலை மறுக்கும் நிறுவனம் தன்னைப் பாதுகாத்துக்கொள்வதாக நினைக்கிறது. பத்தொன்பது வயதில் வேலை கிடைக்காத பையன் எந்த முனைக்குப் போவான் என்பதை அது யோசிப்பதில்லை. ஊர் வாய்க் கணக்கு எப்படி நிஜக் கணக்காக மாறுகிறது என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

2020-இல் கலைஞர்கள் வந்து கண்ணகி நகர்ச் சுவர்களில் பிரம்மாண்டமான சித்திரங்கள் தீட்டினார்கள். வெளியூர்க்காரர்கள் படம் எடுக்க வந்தார்கள். நல்லதுதான். ஆனால் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தபோது, அந்தப் பெயர் நாளிதழின் முதல் பக்கத்துக்கு வந்த விதமே வேறு. கண்ணகி நகர்ப் பெண்கள் விளையாடிப் பழகிய மைதானத்தின் நிலைமை குறித்து அப்போதுதான் பலரும் கேட்டார்கள்.

ஒரு பகுதி முழுவதையும் குற்றவாளியாக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. 1871-இல் வெள்ளையர் ஆட்சி கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பை வைத்து முழுச் சமூகங்களையும் போலீஸ் பதிவேட்டில் ஏற்றியது. சென்னை மாகாணத்தில் அது 1947-இல் ஒழிந்தது. ஒழிந்த கையோடு வழக்கமான குற்றவாளிகளுக்கான சட்டம் வந்தது. இன்று பதிவேட்டில் சாதிப் பெயர் இல்லை. அந்த இடத்தைப் பின்கோடு எடுத்துக்கொண்டதோ என்று சில நேரம் தோன்றுகிறது.

குற்றவியல் ஆய்வுகள் சொல்வது இதற்கு நேர் எதிர். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஓர் ஆண்டு முழுக்கப் போலீசுக்கு வந்த அழைப்புகளை முகவரி வாரியாகப் பிரித்துப் பார்த்தார் லாரன்ஸ் ஷெர்மன். 1989-இல் வெளியான அந்த ஆய்வில், நகரத்தின் முகவரிகளில் சுமார் 3 சதவீதத்தில் இருந்து பாதி அழைப்புகள் வந்திருந்தன. மோசமான பகுதி என்று பெயர் வாங்கிய இடங்களுக்குள்ளும் பெரும்பாலான தெருக்கள் அமைதியாகவே இருந்தன. ஆட்களைப் பொறுத்தும் இதே கதைதான். பிலடெல்பியாவில் 1945-இல் பிறந்த ஏறத்தாழ 10,000 சிறுவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில் 6 சதவீதம் பேர் பாதிக்கும் மேற்பட்ட குற்றங்களுக்குப் பொறுப்பாக இருந்தார்கள்.

சென்னைக்கு அப்படி ஒரு வரைபடம் பொதுவெளியில் இல்லை. ஆனால் ரோந்து போகும் காவலரிடம் அது மனதில் இருக்கிறது. டாஸ்மாக் கடை இரவு பத்து மணிக்கு மூடும்போது அந்த வாசலும் அதற்கு அடுத்த ஐம்பது அடியும் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். பத்தே முக்காலுக்கு அதே இடத்தில் நாய் மட்டும் படுத்திருக்கும். இடம், நேரம், சிலபேர். குற்றம் என்பது பெரும்பாலும் இந்த மூன்றும் கூடும் புள்ளி.

சிலபேர் என்று சொன்னேன். அவர்களுக்குக் காவல் நிலையத்தில் 'ஹிஸ்டரி ஷீட்' உண்டு. ஏ பிளஸ், ஏ, பி, சி என்று தரம் பிரித்து வைத்திருப்பார்கள், ரேஷன் கடை அரிசியைப் போல. பெரிய கொலை ஒன்று நடந்தால் பட்டியல் தூசி தட்டப்படும். 2024 ஜூலை 5 அன்று பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டபோது மூன்றே நாளில் நகரக் காவல் ஆணையர் மாற்றப்பட்டார், ரவுடிகள் வேட்டை தொடங்கியது. 1982-ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம் என்பதால் இந்த வேட்டைகளில் அதுவே கையில் எடுக்க எளிய ஆயுதம். எந்தப் பகுதியில் பட்டியல் நீளமோ அங்கே ரோந்து அதிகம், சோதனை அதிகம், அதனால் வழக்கு அதிகம், அதனால் அடுத்த ஆண்டு அந்தப் பகுதி இன்னும் மோசமாகத் தெரியும். பையில் கஞ்சா வைத்திருந்ததாக எழில் நகரில் மாட்டும் பையனைப் போல் நுங்கம்பாக்கத்து அடுக்குமாடியில் யாரும் மாட்டுவதில்லை. அங்கே படியேறிப் பையைத் திறக்கச் சொல்ல எந்தக் காவலரும் துணிவதில்லை.

'நல்ல ஏரியா'க்களின் பாதுகாப்பு எத்தகையது என்பதை 2025 மார்ச் 25 காலை காட்டியது. திருவான்மியூர், பெசன்ட் நகர், சைதாப்பேட்டை, கிண்டி, வேளச்சேரிப் பக்கம் சுமார் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்துச் சங்கிலிப் பறிப்புகள். நடைப்பயிற்சிக்கும் கோலம் போடவும் வெளியே வந்த பெண்களே இலக்கு. பறித்தவர்கள் வெளி மாநிலத்தில் இருந்து விமானத்தில் வந்தவர்கள். வேலையை முடித்துவிட்டு விமானத்திலேயே திரும்பப் பார்த்த இருவர் விமான நிலையத்தில் பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவர் மறுநாள் தரமணியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அகலமான சாலை, மரநிழல், மதிற்சுவர், வெறிச்சிட்ட காலை, கழுத்தில் தங்கம். பறிப்பவனுக்குத் தேவையானதெல்லாம் நல்ல ஏரியாவில்தான் இருக்கிறது. கண்ணகி நகரின் சந்தில் காலை ஆறு மணிக்குத் தண்ணீர்க் குடத்தோடு ஐம்பது பேர் நிற்பார்கள், பைக்கை எடுத்துக்கொண்டு ஓடவும் வழியிருக்காது.

எதைச் செய்தால் பாதுகாப்பு கூடும் என்பதில் ஊகத்துக்கு மேலான சான்றுகள் சில உண்டு. போலீஸ் வாகனம் சும்மா சுற்றிச் சுற்றி வருவது பெரிய பலன் தருவதில்லை. 1972-73-இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் சில பகுதிகளில் ரோந்தைக் கூட்டியும் சிலவற்றில் நிறுத்தியும் ஓராண்டு சோதித்தார்கள். குற்றமும் மாறவில்லை, மக்களின் பயமும் மாறவில்லை. ரோந்து இருக்கிறதா இல்லையா என்பதையே பலர் கவனிக்கவில்லை. அதே ரோந்தை மேற்சொன்ன புள்ளிகளில், அந்த நேரத்தில் நிறுத்தினால் பலன் உண்டு என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

சென்னையின் நம்பிக்கை கேமராவில். 'மூன்றாவது கண்' என்ற பெயரில் 2017-க்குப் பின் தெருவுக்குத் தெரு பொருத்தினார்கள். 2020-இல் ஒரு இணையப் பாதுகாப்பு நிறுவனம் எடுத்த கணக்கில் சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்களோடு உலகிலேயே சென்னைதான் முதலிடம். மார்ச் 25 திருடர்களை அடையாளம் காண அவை உதவின என்பது உண்மை. ஆனால் பல நாடுகளின் நாற்பதாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டது வேறு. கேமரா வாகன நிறுத்தங்களில் திருட்டை நன்றாகக் குறைக்கிறது, வன்முறையில் அதன் தாக்கம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. போதையில் கத்தி எடுப்பவன் மேலே அண்ணாந்து பார்ப்பதில்லை.

விளக்கு பார்க்கச் சாதாரணம், பலன் பெரிது. நியூயார்க் நகரில் 2016-இல் ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்புகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து உயரமான கோபுர விளக்குகளை நிறுத்தினார்கள். இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுங்குற்றங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. நிர்பயா நிதியில் சென்னைக்கென்று ஒதுக்கிய பாதுகாப்பு நகரத் திட்டத்தின் அளவு 425 கோடி ரூபாய். எரியாத மாடிப்படி விளக்குக்கும் பூட்டுப் போட்ட கழிப்பறைக்கும் இத்தகைய பணத்தில் கூடுதல் இடமிருந்தால் நன்றாக இருக்குமே என்று எண்ணத் தோன்றும்.

ஏரியா விவாதம் மொத்தமாகத் தவறவிடும் இரண்டு குற்றங்கள் இருக்கின்றன. ஒன்று வீட்டுக்குள் நடப்பது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் நான்கில் மூன்று பங்கினர் அதை யாரிடமும் சொல்லவுமில்லை, உதவி தேடவுமில்லை. தெருவுக்கு வாட்ச்மேன் போட்டால் இது குறையாது. இன்னொன்று கைபேசி வழியே வருவது. போலீஸ் போல் நடித்துக் கைபேசியில் அழைத்து, 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டி ஓய்வூதியப் பணத்தைத் துடைத்து எடுப்பவனுக்கு அண்ணா நகரும் ஒன்றுதான், ஆழ்வார்பேட்டையும் ஒன்றுதான். பணம் இருக்கும் ஏரியாவாக இருந்தால் அவனுக்கு இன்னும் வசதி. பணம் போனதும் முதல் சில மணி நேரத்துக்குள் 1930 என்ற எண்ணுக்கு அழைத்தால் வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு என்பதை வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லி வைப்பது, கேட்டில் இன்னொரு பூட்டுப் போடுவதைவிடப் பயன்.

அப்படியானால் வீடு பார்க்கப் போகிறவர் 'ஏரியா எப்படி?' என்பதை யாரிடம், எப்படிக் கேட்பது? தரகரிடம் கேட்பது வீண், அவருக்கு எல்லா ஏரியாவும் அருமை. பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்ப்பதும் வீண். இரவு ஒன்பதரைக்கு, கடைசிப் பேருந்து நிறுத்தத்தில் இருந்து அந்த வீடு வரை நடந்து பாருங்கள். வழியில் பெண்கள் தனியாக நடக்கிறார்களா, குழந்தைகள் வெளியே இருக்கிறார்களா, கடைகள் திறந்திருக்கின்றனவா, விளக்குகளில் எத்தனை எரிகின்றன. இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மாவிடமும் இஸ்திரி போடுபவரிடமும் பேச்சுக் கொடுங்கள். 'இங்கே பிரச்சினை உண்டா?' என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். 'ராத்திரி எந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது?' என்று கேட்டால் தெருப் பெயரோடு பதில் வரும்.

எண்களையும் பார்க்கலாம். இங்கிலாந்தில் 2011 முதல் எந்தத் தெருவில் என்ன குற்றம் பதிவானது என்பதை வரைபடத்தில் எவரும் பார்க்க முடிகிறது. நம் ஊரில் அப்படி இல்லை. ஆனால் முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றங்கள், தேசப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் அதற்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. ஒரு காவல் நிலையத்தின் ஒரு மாத அறிக்கைகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். சாலை விபத்து, குடித்துவிட்டுத் தகராறு, பைக் திருட்டு, வீட்டை விட்டுப் போன பெண், தூக்கில் தொங்கியவர், பணத் தகராறு. ஒவ்வொன்றிலும் இடமும் நேரமும் எழுதியிருக்கும். நீங்கள் பார்க்கும் வீட்டின் தெருப்பெயர் அவற்றில் எத்தனை முறை வருகிறது என்று எண்ண ஒரு மணி நேரம் போதும்.